எல்லைப்புறப் பழங்குடி நிலங்களில் கிளர்ச்சி, படை, சட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு உள்நாட்டுப் பாதுகாப்பு, அண்டை நாடுகள் ஆகிய பாடங்களை நடத்துகிறேன். பாகிஸ்தான்–ஆப்கானிஸ்தான் எல்லையிலுள்ள பழங்குடிப் பகுதி வந்துவிட்டால் அன்றைக்கு வகுப்பு நேரத்துக்கு முடியாது. உசிலம்பட்டி, செக்கானூரணி, மேலூர், கமுதிப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் பலர். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்திலோ சி.ஆர்.பி.எஃப்.பிலோ இருப்பார்கள். அவர்களுக்கு இது வெறும் மனப்பாடப் பாடம் இல்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் வகுப்பில் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்தப் பகுதியைப் பற்றிப் பேசுகிறோம்?

பாகிஸ்தானின் வடமேற்கில், ஆப்கானிஸ்தானை ஒட்டிக் கிடக்கும் மலைநாடு. பஜௌர், மொஹ்மந்த், கைபர், ஒரக்ஸாய், குர்ரம், வடக்கு வஜிரிஸ்தான், தெற்கு வஜிரிஸ்தான் என்று ஏழு ஏஜென்சிகள், அதாவது நிர்வாகப் பகுதிகள். சமவெளியை ஒட்டிச் சில சிறு எல்லைத் துண்டுகளும் சேர்த்தி. எல்லாம் சேர்த்து 27,220 சதுர கிலோமீட்டர். மதுரை மாவட்டத்தைப் போல ஏழு மடங்குக்குச் சற்று அதிகம். 2017 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 50 லட்சம், பெரும்பாலும் பஷ்தூன்கள். ‘ஃபாட்டா’ என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள், அது இதுதான். 2018-ல் கைபர் பக்துன்க்வா மாகாணத்தோடு சேர்க்கப்பட்டு, ஏஜென்சிகள் மாவட்டங்களாயின.

டூராண்ட் கோட்டால்தான் எல்லாப் பிரச்சினையுமா?

எல்லாம் அதனால் என்று சொல்ல முடியாது. ஆனால் தொடக்கம் அங்கேதான். 1893-ல் பிரிட்டிஷ் அதிகாரி மார்ட்டிமர் டூராண்டும் ஆப்கான் அமீர் அப்துர் ரஹ்மானும் ஒப்புக்கொண்ட கோடு, சுமார் 2,600 கிலோமீட்டர் நீளம். ஒரே குலத்தார் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி ஆனார்கள். பெண் கொடுத்தல், எடுத்தல், மேய்ச்சல், வியாபாரம் எல்லாம் கோட்டைத் தாண்டியே நடந்தன. காபூலில் வந்த எந்த அரசும் இதைப் பன்னாட்டு எல்லையாக மனமார ஏற்கவில்லை. 1947-ல் பாகிஸ்தானை ஐ.நா.வில் சேர்ப்பதற்கு எதிராக வாக்களித்த ஒரே நாடு ஆப்கானிஸ்தான்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் பொதுவாகத் தவறவிடும் ஒன்றைச் சொல்கிறேன். அங்கே இருந்தது ஒரு கோடு அல்ல, இரண்டு. வெளிக்கோடு டூராண்ட். அதற்கு உள்ளே, சமவெளி தொடங்கும் இடத்தில் நிர்வாக எல்லை என்று இன்னொன்று. போலீஸ், கோர்ட், நிலவரி எல்லாம் அந்த உள்கோட்டோடு நின்றுவிடும். ரஷ்யா இறங்கி வந்தால் தடுக்க ஒரு தடுப்பு நிலம் வேண்டும் என்பது லண்டனின் கணக்கு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்த மக்கள் ஆளப்படவும் இல்லை, விடப்படவும் இல்லை.

எஃப்.சி.ஆர். என்பது என்ன? வகுப்பில் ஏன் அதற்கே இவ்வளவு நேரம்?

அதைப் புரிந்துகொள்ளாமல் மற்றது எதுவும் புரியாது.

எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டம். 1872-லும் 1887-லும் முந்தைய வடிவங்கள் வந்தன. நிலைத்தது 1901-ல் வந்த வடிவம். ஏஜென்சிக்கு ஒரு பொலிட்டிக்கல் ஏஜென்ட். கலெக்டர் அவர்தான், போலீஸ் அதிகாரி அவர்தான், தீர்ப்புச் சொல்பவரும் அவர்தான். ஜிர்கா என்ற பஞ்சாயத்துக்கு யார் யார் உட்கார வேண்டும் என்று முடிவு செய்வதும் அவரே. ‘மாலிக்’ எனப்பட்ட குலத்தலைவர்களுக்கு அரசு படி கொடுத்தது. பாதுகாப்புக்குக் ‘காசதார்’ என்ற உள்ளூர்க் காவலர்கள், குலத்துக்கு இத்தனை பேர் என்று. அப்பீல் இல்லை, வக்கீல் இல்லை, தலீல் இல்லை என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். தலீல் என்றால் சான்று காட்டி வாதாடுவது.

21-ஆம் பிரிவு தான் உயிர்நாடி. ஒரு குலத்தில் யாரோ ஒருவர் அரசுக்கு எதிராக நடந்தால், அந்தக் குலத்தார் எங்கே இருந்தாலும் பிடிக்கலாம், பொருளைப் பறிமுதல் செய்யலாம், குலம் முழுவதற்கும் வியாபாரத் தடை போடலாம். மலைப்பாதையில் யாரோ சுட்டார்கள் என்பதற்காகப் பெஷாவரில் டயர் கடை வைத்திருப்பவர் உள்ளே போகலாம், குலம் ஒன்று என்பதே காரணம். ஊர் எல்லையில் பிணம் கிடந்தால் ஊருக்கே அபராதம். 40-ஆம் பிரிவின்படி, குற்றம் செய்யக்கூடும் என்று தோன்றினாலே நன்னடத்தைப் பிணை கேட்டு மூன்றாண்டு வரை அடைத்து வைக்கலாம்.

பாகிஸ்தான் விடுதலை பெற்ற பின்னும் இது அப்படியே நீடித்தது. அரசமைப்பின் 247-ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அங்கே கதவை மூடியது. வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்ததே 1996-ல். அதுவரை மாலிக்குகள் மட்டும் வாக்களித்தார்கள். அரசியல் கட்சிகள் அங்கே வேலை செய்ய 2011-ல்தான் அனுமதி. அதே ஆண்டுத் திருத்தத்தில்தான் பெண்களுக்கும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் 65 தாண்டிய முதியவர்களுக்கும் கூட்டுத் தண்டனையிலிருந்து விலக்குக் கிடைத்தது. 2011 வரை ஒரு குழந்தையைக் குலத்துக்காகப் பிடிக்கச் சட்டத்தில் இடம் இருந்தது என்பதை ஒரு நிமிடம் நிறுத்தி யோசியுங்கள்.

நம்ம ஊர் ரேகைச் சட்டமும் இதுவும் ஒன்றா, சார்?

இந்தக் கேள்வியை உசிலம்பட்டிப் பிள்ளைகள்தான் முதலில் கேட்பார்கள், நான் பாடத்தில் சொல்வதற்கு முன்பே.

சட்டங்கள் வேறு, பிறந்த காலமும் ஆண்ட கையும் ஒன்று. ரேகைச் சட்டம் என்று நாம் சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வட இந்தியாவில் வந்தது. 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் 1914-ல் தொடங்கி, சில ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர் நாடு முழுவதையும் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தார்கள். வயது வந்த ஆண்கள் பத்து விரல் ரேகையையும் பதிய வேண்டும். இரவில் ஊர் அதிகாரி முன்போ காவல் நிலையத்திலோ ஆஜர் கொடுக்க வேண்டும். வெளியூர் போக ‘ராதாரிச் சீட்டு’ வேண்டும். கல்யாணமோ சாவோ, சீட்டில்லாமல் போனால் குற்றம். ஒரு ஆளின் பெயருக்கு எதிரே அவன் செய்த குற்றம் எழுதப்படவில்லை, பிறந்த சாதி எழுதப்பட்டது. மறவர் உள்ளிட்ட வேறு பல சாதியாரும் இதே சட்டத்தில் அகப்பட்டார்கள்.

1920 ஏப்ரல் 3 அன்று சேடபட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று மக்கள் மறுத்தார்கள். போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். குண்டடி பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன மாயக்காளும் அதில் ஒருவர் என்று ஊர் இன்றும் சொல்கிறது. நினைவுத்தூண் இருக்கிறது, ஆண்டுதோறும் அஞ்சலி நடக்கிறது. மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வழக்காடினார். ‘ரோசாப்பூ துரை’ என்று அவரை அழைத்தார்கள்; அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்த குடும்பங்கள் அந்தப் பக்கம் உண்டு. முத்துராமலிங்கத் தேவரும் ஜீவானந்தமும் இந்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடினார்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது.

இரண்டுக்கும் நடுவிலான வேறுபாட்டையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கள்ளர் நாடு எல்லையில் இல்லை. மறுபக்கத்திலிருந்து துப்பாக்கியும் பணமும் அனுப்ப ஒரு வல்லரசும் இல்லை. இங்கே போராடியவர்கள் கோர்ட்டுக்குப் போக முடிந்தது, பத்திரிகையில் எழுத முடிந்தது, சட்டசபையில் பேச ஆள் இருந்தது. வஜிரிஸ்தானில் அந்த மூன்று வாசலும் சாத்திக் கிடந்தன. இங்கே சட்டம் 1947-ல் போனது. அங்கே 2018 வரை இருந்தது. எழுபத்தோரு ஆண்டு வித்தியாசம். அந்த எழுபத்தோரு ஆண்டில்தான் நாம் படிக்கும் போர்கள் எல்லாம் நடந்தன.

“அவய்ங்க ரத்தமே அப்படித்தான்” என்று டீக்கடையில் பேசுகிறார்களே?

இந்தப் பேச்சை மதுரைக்காரர்கள் பேசக் கூடாது என்பது என் கருத்து. நம்மைப் பற்றியும் இதையே எழுதி வைத்தார்கள்.

1755-ல் கர்னல் ஹெரான் தலைமையில் கும்பினிப் படை மதுரைப் பக்கம் வந்தது. கோவில்குடியில் கோயிலைக் கொள்ளையடித்துச் சாமி சிலைகளை மூட்டை கட்டிக்கொண்டு திருச்சிக்குத் திரும்பியது. நத்தம் கணவாயில், வண்டிகள் நெருக்கடியில் சிக்கிய நேரம் பார்த்துக் கள்ளர்கள் பாய்ந்தார்கள். படை சிதறியது, சிலைகள் மீட்கப்பட்டன. ஹெரான் பின்னர் ராணுவ விசாரணைக்கு ஆளாகி வேலையை இழந்தார். ஆனாலும் கும்பினி எழுத்துகளில் இந்த மக்கள் காட்டுமிராண்டிக் கொள்ளையர்களாகவே நிலைத்தார்கள்.

பஷ்தூன்களுக்கும் அதே கதிதான். அவர்களிடம் பங்காளிப் பகை உண்டு, பழிக்குப் பழி உண்டு, அடைக்கலம் என்று வந்தவனைக் கைவிடாத வழக்கமும் உண்டு. இவை இல்லாத ஊரைத் தென்மாவட்டத்தில் எனக்குக் காட்டுங்கள். அந்த வழக்கங்கள் பல நூற்றாண்டுகளாக இருக்கின்றன; பெரிய போர்களோ குறிப்பிட்ட ஆண்டுகளில் வந்தன. 1936-ல் இப்பி ஃபக்கீர் என்ற மிர்ஸா அலி கான் வடக்கு வஜிரிஸ்தானில் கிளம்பியபோது, ஒரு மதமாற்றத் திருமண வழக்கில் கோர்ட் சொன்ன முடிவு பொறியாக இருந்தது. பிரிட்டன் 40,000-க்கு மேல் துருப்புகளை இறக்கி, விமானத்திலிருந்து குண்டும் போட்டது. கடைசிவரை அவரைப் பிடிக்க முடியவில்லை; 1960-ல் இயற்கையாக இறந்தார். ஒவ்வொரு கிளர்ச்சிக்கும் தேதி இருக்கிறது, காரணம் இருக்கிறது. ரத்தத்துக்குத் தேதி கிடையாது.

அப்படியென்றால் தாலிபான் எப்படி அங்கே வேர்பிடித்தது?

மூன்று அலையாகப் பாருங்கள். 1979-ல் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் வந்ததும் அமெரிக்கப் பணம், சவூதிப் பணம், பாகிஸ்தான் உளவுத்துறை மூன்றும் சேர்ந்து இந்த மலைநாட்டைப் போர்க்கிடங்கு ஆக்கின. அகதிகள் லட்சக்கணக்கில் வந்தார்கள். முல்லாவுக்குக் கையில் பணமும் துப்பாக்கியும் வந்தது. மாலிக்கின் மதிப்பு குறைந்தது. இரண்டாவது, 2001 இறுதியில் ஆப்கானிஸ்தானின் தோராபோரா மலையிலிருந்து அல்-காய்தாவினர் மலை இறங்கி இந்தப் பக்கம் வந்தார்கள். மூன்றாவது, 2002 முதல் பாகிஸ்தான் ராணுவம் அந்த நிலத்துக்குள் பெரும் அளவில் நுழைந்தது.

இங்கேதான் எஃப்.சி.ஆர். தன் கையையே வெட்டிக்கொண்டது. கூட்டுத் தண்டனை என்பது, உன் ஆளை நீ அடக்கு என்று குலத்துக்குச் சொல்வது. அடக்கும் பலம் குலத்திடம் இருக்கும் வரை அது ஒரு விதத்தில் ஓடும். உஸ்பெக், அரபுப் போராளிகள் வந்து, மாலிக்கை விட நூறு மடங்கு ஆயுதம் வைத்திருந்தால்? 2004-ல் வெளிநாட்டவரை ஒப்படைக்கவில்லை என்று தெற்கு வஜிரிஸ்தானின் வானா கடைவீதியைப் பூட்டினார்கள். கடைக்காரன் யாரை ஒப்படைப்பான்? அரசுக்கு உதவினால் இரவில் தாலிபான் கழுத்தை அறுக்கும், உதவாவிட்டால் பகலில் அரசு கடையை மூடும். நூற்றுக்கணக்கான மாலிக்குகளைத் தீவிரவாதிகள் கொன்றார்கள். நூறாண்டாக எந்தத் தூணை நம்பி அரசு அங்கே நின்றதோ, அந்தத் தூண் போயிற்று; மாற்றாகக் கோர்ட்டோ போலீஸ் நிலையமோ கட்சியோ இல்லை. 2007 டிசம்பரில் பைத்துல்லா மெசூத் தலைமையில் சிறுசிறு குழுக்கள் ஒன்றாகி தெஹ்ரீக்-இ-தாலிபான் பாகிஸ்தான், அதாவது பாகிஸ்தான் தாலிபான், பிறந்தது.

சமாதான ஒப்பந்தங்கள் ஏன் நிற்கவில்லை?

யாரோடு போட்டார்கள் என்று பாருங்கள். 2004 ஏப்ரலில் தெற்கு வஜிரிஸ்தானின் ஷகாயில் ராணுவத் தளபதி நேராகப் போய் நெக் முகமது என்ற இளம் தளபதிக்கு மாலை போட்டார். மாலிக்குகளும் ஜிர்காவும் ஓரத்தில் நின்றார்கள். அந்த மலைநாட்டுக்கு அது சொன்ன செய்தி, இனி துப்பாக்கி வைத்திருப்பவனே பேச்சுவார்த்தைக்கு உரியவன் என்பது. ஒப்பந்தம் வாரக்கணக்கில் முறிந்தது. ஜூனில் அமெரிக்க ட்ரோன் தாக்குதலில் நெக் முகமது இறந்தார். 2006 செப்டம்பரில் வடக்கு வஜிரிஸ்தானின் மிரன்ஷாவில் போட்டதும் ஓராண்டுக்குள் போயிற்று. சாதாரணக் குடிமக்கள் உட்கார்ந்து பேசிய ஒப்பந்தம் ஒன்றுகூட இல்லை.

ட்ரோன் தாக்குதலால் பலன் கிடைத்ததா?

தலைவர்கள் செத்தார்கள்: 2009-ல் பைத்துல்லா மெசூத், 2013-ல் ஹக்கிமுல்லா மெசூத். இயக்கம் சாகவில்லை. உச்சமாக 2010-ல் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட தாக்குதல்கள்.

ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன். 2011 மார்ச் 17, வடக்கு வஜிரிஸ்தானில் தத்தா கேல். குரோமைட் சுரங்கத்தில் இரண்டு தரப்புக்கும் தகராறு. பேசித் தீர்க்கப் பெரியவர்கள் திறந்தவெளியில் ஜிர்கா கூடினார்கள். மாலிக்குகளும் அரசுச் சம்பளம் வாங்கும் காசதார்களும் இருந்தார்கள். உள்ளூர் அதிகாரிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கூடினார்கள். தாலிபான் ஆட்கள் சிலரும் அங்கே இருந்தார்கள், ஏனென்றால் அவர்கள் இல்லாமல் அங்கே எந்தத் தகராறும் தீராத நிலைமை. ஏவுகணை விழுந்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். வாய்ப்பேச்சால் வழக்குத் தீர்க்கக்கூடிய பெரியவர்களை ஒரே காலையில் அந்த வட்டாரம் இழந்தது. இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ‘பாதுகாப்புச் செலவு’ என்று ஏறாது. ஆனால் அடுத்த பத்தாண்டுக்கு அங்கே அமைதி இல்லாததற்கு இது போன்ற நாட்களும் காரணம் என்று நான் நம்புகிறேன்.

2014 ராணுவ நடவடிக்கை வெற்றிதானே?

ஜூன் 15, 2014-ல் ‘ஸர்ப்-இ-அஸ்ப்’ தொடங்கியது. டிசம்பர் 16 அன்று பெஷாவர் ராணுவப் பள்ளியில் நடந்த படுகொலையில் 130-க்கு மேற்பட்ட பிள்ளைகள் இறந்த பிறகு நாடே ராணுவத்தின் பின்னால் நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் குண்டுவெடிப்புகள் வெகுவாகக் குறைந்தன. இதை மறுக்கக் கூடாது. தேர்விலும் மறுத்து எழுதாதீர்கள்.

விலை யார் கொடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். வடக்கு வஜிரிஸ்தானிலிருந்து ஏறத்தாழ பத்து லட்சம் பேர், ஜூன் வெயிலில், பக்கத்து மாவட்டமான பன்னுவுக்கு நடந்தும் லாரியிலும் வந்தார்கள். மிரன்ஷா கடைவீதி தரைமட்டமானது. திரும்பிப் போனவர்களுக்கு முழுதும் இடிந்த வீட்டுக்கு 4 லட்சம், பாதி இடிந்ததற்கு 1.6 லட்சம் பாகிஸ்தான் ரூபாய் என்று அறிவித்தார்கள். வயலில் கண்ணிவெடி கிடந்தது. சொந்த ஊருக்குள் நுழைய ‘வதன் கார்டு’ என்ற தனி அட்டை காட்ட வேண்டும், சோதனைச் சாவடிக்குச் சாவடி. ராதாரிச் சீட்டை நினைத்துப் பாருங்கள்.

தப்பியோடிய போராளிகள் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்க் காத்திருந்தார்கள்.

பி.டி.எம். என்ற பஷ்தூன் இயக்கம் தீவிரவாத இயக்கமா?

இல்லை. 2018 ஜனவரியில் கராச்சியில் நகீபுல்லா மெசூத் என்ற வஜிரிஸ்தான் இளைஞரைப் போலீஸ் போலி என்கவுன்ட்டரில் கொன்றது. அதற்கு நீதி கேட்டு எழுந்த ஆயுதமில்லாத இயக்கம்; மன்சூர் பஷ்தீன் தலைவர். காணாமல் போனவர்களைக் கோர்ட்டில் நிறுத்து, கண்ணிவெடியை எடு, சாவடியில் அவமானப்படுத்தாதே. கேட்டது இவ்வளவுதான். வதன் கார்டு ஒழிந்தது இவர்களின் போராட்டத்தால். 2024 அக்டோபரில் அரசு இந்த இயக்கத்தைத் தடை செய்தது. துப்பாக்கி ஏந்தாமல் பேச வந்தவர்களுக்கு இந்தக் கதி என்றால், மலையில் இருக்கும் இளைஞனுக்கு அது என்ன கற்றுக்கொடுக்கும்? அந்த நாட்டு ஆட்சியாளர்கள் செய்த தவறுகளிலேயே பெரிய தவறாக இதைக் கருதுகிறேன்.

2018 இணைப்புக்குப் பிறகு எல்லாம் சரியாகியிருக்க வேண்டுமே?

இணைப்புக்கு வழிசெய்த அரசமைப்பின் 25-ஆம் திருத்தத்துக்கு 2018 மே 31-ல் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். எஃப்.சி.ஆர். போனது, காசதார்கள் மாகாணப் போலீஸில் சேர்க்கப்பட்டார்கள், 2019 ஜூலையில் முதல்முறையாக மாகாணச் சட்டமன்றத்துக்கு வாக்களித்தார்கள். இவையெல்லாம் பெரிய காரியங்கள்.

ஆனால் வளர்ச்சிக்கென்று தேசிய வருவாயில் 3 விழுக்காடு ஒதுக்குவதாகச் சொன்ன வாக்கு நிறைவேறவில்லை. மற்ற மாகாணங்கள் தங்கள் பங்கை விட்டுத்தர முன்வரவில்லை. 2019 ஆகஸ்டில் ராணுவம் ஆட்களைத் தடுத்து வைக்க அதிகாரம் தரும் அவசரச் சட்டம் மாகாணம் முழுவதற்கும் வந்தது. பெஷாவர் உயர் நீதிமன்றம் அக்டோபரில் அது செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. கோர்ட் வந்துவிட்டது என்பதற்கும் இதுவே அடையாளம், கோர்ட்டின் எல்லைக்கும் இதுவே அடையாளம். 2021 ஆகஸ்டில் காபூலில் ஆப்கான் தாலிபான் ஆட்சிக்கு வந்ததும் எல்லை தாண்டிக் காத்திருந்தவர்களுக்குத் தெம்பு வந்தது. பாகிஸ்தான் தாலிபானோடு பேச்சுவார்த்தை, போர்நிறுத்தம் எல்லாம் நடந்து 2022 நவம்பரில் முறிந்தது. 2023 ஜனவரி 30 அன்று பெஷாவர் போலீஸ் குடியிருப்பு மசூதியில் குண்டு வெடித்து எண்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் போலீஸ்காரர்கள்.

ரோடு போட்டால் கிளர்ச்சி அடங்கிவிடும் என்கிறார்களே?

ரோடு யாருக்காகப் போடப்படுகிறது என்பது முக்கியம். 1801-ல் மருது சகோதரர்களைப் பிடிக்கக் கர்னல் அக்னியூ சிறுவயலிலிருந்து காளையார்கோவில் காட்டை வெட்டிப் பாதை போட முயன்றார். வாரக்கணக்கில் வெட்டியும் முடியாமல் கைவிட்டு, பிறகு வேறு வழியாக அக்டோபரில் நுழைந்தார். அந்த மாதமே 24-ஆம் தேதி திருப்பத்தூரில் மருதிருவரையும் தூக்கிலிட்டார்கள். 1920-களில் வஜிரிஸ்தானில் ரஸ்மக் முகாமும் அதைச் சுற்றிய சாலைகளும் பீரங்கி போவதற்காக வந்தவை. அந்த ரோட்டை மக்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்?

நம் நாட்டில் சத்தீஸ்கரின் பஸ்தரிலும் இதே சிக்கல். 2017 ஏப்ரல் 24-ல் சுக்மா மாவட்டத்தில் சாலைப் பணிக்குக் காவல் நின்ற சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் 25 பேரை மாவோயிஸ்டுகள் கொன்றார்கள். தமிழ்நாட்டு வீரர்களும் அதில் இருந்தார்கள். அந்தச் சாலையில் பஸ்ஸும் ஆம்புலன்ஸும் ரேஷன் லாரியும் ஓடுமா என்பதுதான் அது யாருடைய சாலை என்பதை முடிவு செய்யும்.

என் அண்ணன் சி.ஆர்.பி.எஃப்.பில் இருக்கிறார். நீங்கள் படைக்கு எதிராகப் பேசுவது போலத் தெரிகிறது.

தம்பி, உங்கள் அண்ணன் உயிரோடு ஊர் திரும்ப வேண்டும் என்பதற்காகவே பேசுகிறேன். 2005-ல் சத்தீஸ்கரில் ‘சல்வா ஜுடும்’ என்று பழங்குடி இளைஞர்களுக்கே துப்பாக்கி கொடுத்துச் சிறப்புப் போலீஸ் ஆக்கினார்கள். மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியம். ஊர்கள் காலியாகி முகாம்களுக்குப் போயின. ஓடியவர்களில் பலர் காட்டுக்குள் மாவோயிஸ்டு பக்கம் போனார்கள். 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் இது அரசமைப்புக்கு விரோதம் என்று நிறுத்தியது. இடைப்பட்ட 2010 ஏப்ரலில்தான் தந்தேவாடாவில் மாவோயிஸ்டு தாக்குதலில் படையினர் 76 பேர் ஒரே நாளில் மாண்டார்கள். அரசு ஊரைப் பகைத்துக்கொண்டால், அந்தப் பகையின் நடுவே நடந்து போக வேண்டியவர் உங்கள் அண்ணன்தான்.

உண்மையிலேயே முடிந்துபோன கிளர்ச்சி எதாவது இருக்கிறதா?

மிசோரம். மனதுக்கு நம்பிக்கை தரும் பாடம் இது ஒன்றுதான், ஆனால் அதன் முதல் பாதி கசப்பானது.

மூங்கில் பூத்து எலி பெருகி 1959-ல் மிசோ மலையில் பஞ்சம். அசாம் அரசு பாராமுகமாக இருந்தது. பஞ்ச நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்பு 1961-ல் லால்டெங்கா தலைமையில் மிசோ தேசிய முன்னணியானது. 1966 மார்ச் 1 அன்று தனிநாடு என்று அறிவித்தது. மார்ச் 5 அன்று இந்திய விமானப்படை ஐஸ்வால் மீது தாக்குதல் நடத்தியது. சொந்த நாட்டு ஊரின் மீது. 1967 முதல் கிராமங்களைக் காலி செய்து, சாலையோரத்தில் வேலிக்குள் குடியமர்த்தினார்கள். பழைய வீடுகளையும் தானியத்தையும் எரித்தார்கள். பல ஊர்களில் வீட்டுக்காரர்களையே எரிக்க வைத்தார்கள். அடையாள அட்டை, இரவு ஊரடங்கு. இருபது ஆண்டு இப்படி.

பிறகு 1986 ஜூன் 30-ல் ஒப்பந்தம். அதில் எது வேலை செய்தது? கிளர்ச்சித் தலைவரை மிரட்டி வாங்கவில்லை. பதவியிலிருந்த காங்கிரஸ் முதல்வர் லால் தன்ஹாவ்லா இறங்கி வழிவிட, லால்டெங்கா முதல்வர் ஆனார். 1987 பிப்ரவரி 20-ல் தனி மாநிலம். அரசமைப்பில் 371ஜி பிரிவு சேர்ந்தது: மிசோக்களின் வழக்காற்றுச் சட்டம், மதம், நிலவுரிமை ஆகியவற்றில் மாநிலச் சட்டமன்றம் சம்மதிக்காமல் நாடாளுமன்றச் சட்டம் அங்கே செல்லாது. லால்டெங்காவின் கட்சி 1989 தேர்தலில் தோற்றபோது அவர் மறுபடி காட்டுக்குப் போகவில்லை, எதிர்க்கட்சியாக உட்கார்ந்தார். தேவாலயங்களும் பெரியவர்களும் இரண்டு பக்கமும் பேசிப் பேசி இந்த நிலையைக் கொண்டுவந்தார்கள். வஜிரிஸ்தானில் எந்தப் பெரியவர்கள் கொல்லப்பட்டார்களோ, அவர்களுக்கு ஒப்பானவர்கள் இங்கே உயிரோடு இருந்தார்கள்.

நாகாலாந்தில் அந்த அளவு முடிவு இன்னும் வரவில்லை. ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் 1958 முதல் வடகிழக்கில் இருக்கிறது. 2021 டிசம்பர் 4 அன்று மோன் மாவட்டம் ஓட்டிங்கில், சுரங்க வேலை முடித்து வண்டியில் வீடு திரும்பிய தொழிலாளர்களைப் போராளிகள் என்று நினைத்துப் படை சுட்டது.

இதனால் தெற்காசியாவுக்கு என்ன ஆபத்து?

எல்லையின் இரு பக்கமும் ஒரே மக்கள் இருக்கும்போது, ஒரு பக்கத்துக் கோபத்தை மறுபக்கத்து அரசு பயன்படுத்தும். 1947 அக்டோபரில் இந்த மலைநாட்டுப் படைகளைக் காஷ்மீருக்குள் அனுப்பினார்கள். 1980-களில் காபூலுக்கு எதிராக. இன்றைக்கு அது திரும்பி இஸ்லாமாபாத்தின் மேலேயே பாய்கிறது. 2017 முதல் வேலி போட்டார்கள். 2023 இறுதியில் ஆவணமில்லாத ஆப்கானியரை லட்சக்கணக்கில் வெளியேற்றினார்கள். 2025 அக்டோபரில் இரு நாட்டுப் படைகளும் நேரடியாக மோதி, கத்தாரும் துருக்கியும் தலையிட்டு 19-ஆம் தேதி போர்நிறுத்தம் வந்தது. தோர்காம் எல்லை வாசல் மூடும் ஒவ்வொரு முறையும் முதலில் அழுகுவது லாரியில் நிற்கும் திராட்சையும் தக்காளியும். அதன் பின்னால் கடனில் விழுவது எல்லையோரக் குடும்பம்.

தேர்வில் இதை எப்படி எழுதுவது?

முதல் பத்தியில் நிலமும் ஆண்டும். இரண்டாவதில் சட்டம்: 1901, 1996, 2011, 2018 இந்த நான்கு ஆண்டும் கட்டாயம். மூன்றாவதில் ராணுவ நடவடிக்கையின் பலனையும் விலையையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் மதிப்பெண் குறையும். ஒப்பீட்டுக்கு மிசோரத்தை எடுங்கள், 371ஜி பெயர் சொல்லி. இடமிருந்தால் 1920 பெருங்காமநல்லூரை ஒரு வரியில் சேர்க்கலாம். திருத்துபவர் தில்லிக்காரராக இருந்தால் அவருக்கு அது புதிய செய்தியாக இருக்கும். ஆண்டையும் மாவட்டத்தையும் சரியாக எழுதுங்கள்.